பழைய ஊர்ப்படங்கள் தேடினால் கிடைக்க வேண்டுமா? நாகர்கோவிலில் நாங்கள் செய்யும் முறை

நாகர்கோவிலின் பழைய படங்கள் இணையத்தில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறையவே இருக்கின்றன. பள்ளிக்கூட நூற்றாண்டு மலர்கள், சபை வரலாறுகள், குடும்ப ஆல்பங்கள் என்று பலரும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டார்கள். ஆனால் ஒரு படத்தின் பெயர் ‘ஐ.எம்.ஜி. 0047’, இன்னொன்றின் பெயர் ‘ஸ்கேன் புதியது 3’. பெரிய பி.டி.எஃப். ஒன்றின் நடுவில் நகரின் மணிக்கூண்டான மணிமேடையின் அருமையான படம் தலைப்பே இல்லாமல் கிடக்கிறது. ‘மணிமேடை பழைய படம்’ என்று தேடுகிற பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? தேடுபொறி பெரும்பாலும் படத்தைச் சுற்றி இருக்கிற எழுத்தை வைத்துத்தான் தேடுகிறது. எழுத்து இல்லாத படம் இருந்தும் இல்லாததுதான்.

நான் இங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா இதே ஊரின் வடசேரிப் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார், நெகட்டிவ் டப்பாக்களுக்கு நடுவில் வளர்ந்தவள். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, வீடுகளிலும் பள்ளிகளிலும் கிடைக்கிற படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, விவரம் எழுதி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தக்கலையிலோ குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ நீங்களும் இப்படித் தொடங்க நினைத்தால், இதோ வேலை நடக்கிற விதம்.

முதலில் ஸ்கேன். இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். சாதாரண நான்குக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். தபால்தலை அளவில் இருக்கும் சின்னப் படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்; மங்கிய பழுப்பும், பின்னால் ஊதா மையில் குத்திய ஸ்டூடியோ முத்திரையும் அப்போதுதான் பதியும். மூலக் கோப்பை ‘டிஃப்’ வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். 600 டி.பி.ஐ.யில் ஒரு நான்குக்கு ஆறு படம் ஏறக்குறைய 26 எம்.பி. வரும், ஆயிரம் படம் என்றால் 26 ஜி.பி. இன்றைக்கு அது ஒரு பெரிய செலவே இல்லை. இணையத்தில் ஏற்றுவதற்கு அதிலிருந்து தனியாக ‘ஜேபெக்’ எடுத்துக்கொள்ளலாம்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றுமே எழுதியில்லை என்றாலும் செய்யுங்கள். பென்சில் எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் ஸ்கேனில் தெரிந்த படங்கள் எங்களிடம் உண்டு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஈரப்பதம் அதிகம். அதனால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டியே போயிருக்கும். அதைப் பிரிக்கப் பார்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவால் எடுத்தால் போதும். பசை ஆல்பத்தில் ஒட்டிய படங்களையும் பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள்.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவை வைத்துக் கலர் பூசுவதும், மங்கிய முகத்தைத் ‘தெளிவாக்குவதும்’ இப்போது பெருகிவிட்டது. ஆவணத்தில் அது கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த மென்பொருள் ஒரு புது மூக்கையும் கண்ணையும் வரைந்து வைக்கிறது. பேத்தி அதைத்தான் தன் ஆச்சியின் முகம் என்று நினைத்துக்கொள்வாள். ஆசைப்படுகிற குடும்பத்துக்குத் தனியாகச் செய்து கொடுங்கள், ஆவணத்தில் ஏற்ற வேண்டாம்.

படத்தை வாசிப்பது

இனிதான் உண்மையான வேலை. எடுத்துக்காட்டுக்கு ஒரு படம். எங்களிடம் வந்தபோது உறையின் மேல் ‘நாகர்கோவில் தெரு’ என்று மட்டும் இருந்தது. அஞ்சலட்டை அளவுப் படம். ஓட்டுக்கூரைக் கடைகள், இரண்டு மாட்டுவண்டி, ஒரு கடைப்பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ். பின்பக்கம் பென்சிலில் ‘1118 சித்திரை’. நம் மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்துப் பழக்கம் தெரியாதவர்கள் இதை ஏதோ ரசீது எண் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது அந்தச் சமஸ்தானத்தில் புழங்கிய கொல்லம் ஆண்டு, சில இடங்களில் ‘ம.ஆ.’ (மலையாள ஆண்டு) என்று சுருக்கி எழுதியிருக்கும். ஆவணி முதல் தேதி ஆண்டு பிறக்கும். ஆவணி தொடங்கி ஆங்கில வருடம் முடியும் வரை உள்ள தேதி என்றால் 824-ஐக் கூட்ட வேண்டும்; ஜனவரி தொடங்கி ஆடி முடிய என்றால் 825. ஆக 1118 சித்திரை என்பது 1943 ஏப்ரல், மே.

காலம் தெரிந்துவிட்டது, இடம்? எங்களில் பாதிப்பேர் வடசேரி என்றோம். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, வியாபாரத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு பாட்டாவிடம் (எங்கள் ஊரில் தாத்தாவை இப்படிச் சொல்வோம்) கொண்டு போனோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “வடசேரி இல்ல மக்களே, இது கோட்டாறு. அந்தா திண்ணையில அடுக்கி வச்சிருக்கு பாரு, கருப்பட்டிச் சிப்பம்லா அது” என்றார். அதுவரை நாங்கள் அந்தக் கருப்பட்டிக் கட்டுகளை ஏதோ ஓலைப்பெட்டி என்று நினைத்திருந்தோம். அப்புறம் அந்த வரிசையில் எது எது யார் கடை, வண்டி எந்தப் பக்கமாக வந்து திரும்பும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒருவர் பேசினார், இன்னொருவர் எழுதினார். அதை அப்படியே படத்தின் விவரத்தில் சேர்த்தோம். இன்று ‘கருப்பட்டி’ என்று தேடினாலும் அந்தப் படம் வருகிறது.

இப்படிக் கேட்கப் போகும்போது கைபேசியில் காட்டாதீர்கள். பெரியவர்களுக்குத் திரை தள்ளிப் போகும், விரல் பட்டால் படம் மாறும், அலுத்துப் போவார்கள். ஏ4 தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். கேள்வியையும் ‘இது எந்த வருடம்?’ என்று தொடங்க வேண்டாம். ‘இதில் எந்தக் கடைக்குப் போயிருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் வருடம் தானாக வரும்.

ஆள் கிடைக்காத படங்களுக்குக் காலம் கணிக்க, படத்துக்குள்ளேயே சாட்சி உண்டு. நம் மாவட்டத்துக்குச் சில கணக்குகள் கைவசம் இருந்தால் வேலை சுலபம். குமரிக் கடலைப் பார்த்து எடுத்த படம் என்றால் மிகவும் லேசு: விவேகானந்தர் மண்டபம் திறந்தது 1970 செப்டம்பர், எனவே பாறை மொட்டையாக இருந்தால் அதற்குச் சில வருடமாவது முந்தையது. திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் தெரிந்தால் 2024 டிசம்பருக்குப் பிறகு. கரையில் காந்தி மண்டபம் இருந்தால் 1956-க்கு முன்னால் போக முடியாது. மணிமேடை 1893-ல் திறந்தது. திருவிதாங்கூர் அரசு பஸ் ஓடத் தொடங்கியது 1938 பிப்ரவரியில். ரயில் தெரிந்தால் 1979-க்குப் பிறகு, அதுவரை நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. மாத்தூர் தொட்டிப்பாலம் அறுபதுகளில் வந்தது. வண்டியின் நம்பர் பலகையில் நாகர்கோவிலுக்கான டி.என். 74 என்று இருந்தால் 1989-க்குப் பிந்தையது. மணக்குடியில் பழைய பாலம் முழுதாக நின்றால் 2004 டிசம்பர் 26-க்கு முந்தையது. சுனாமி அதை அடித்துக்கொண்டு போனது. கடைப்பலகையில் மலையாளம் இருந்தால் 1956 நவம்பர் 1-க்கு முன்பு, அதாவது தாய்த்தமிழகத்தோடு இணைவதற்கு முன்பு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது, பலகையை அன்றைக்கே யாரும் கழற்றிப் போடவில்லை. சுவரில் சினிமா போஸ்டர் இருந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கணித்த காலத்தை ஒற்றை வருடமாக எழுதாதீர்கள். ‘1938க்குப் பிறகு, அனேகமாக 1956க்கு முன்பு, அரசு பஸ்ஸையும் பலகையையும் வைத்துக் கணித்தது’ என்று காரணத்தோடு எழுதுங்கள். பின்னால் வருகிறவர் திருத்த அதுதான் வழி.

தேடுகிறவர் என்ன சொல் போடுவார்?

விவரத்தை ஒரு அட்டவணையில் சேர்ப்பது நல்லது, எக்செல் போதும். படத்தின் எண், தலைப்பு, பின்பக்க எழுத்து உள்ளது உள்ளபடி, இடத்தின் இன்றைய பெயர், வேறு பெயர்கள், காலம், எடுத்தவர் அல்லது ஸ்டூடியோ, தகவல் சொன்னவர், உரிமை. இதில் ‘வேறு பெயர்கள்’ என்ற பத்தியை யாரும் வைப்பதில்லை. எனக்கு அதுதான் உயிர். ஒருவர் நாகர்கோவில் என்பார், ஒருவர் நாகர்கோயில் என்பார். கோட்டாறு, கோட்டார் இரண்டும் உண்டு. வடசேரி சந்தையைக் கனகமூலம் சந்தை என்று தேடுகிறவர் இருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவர் ஆங்கிலத்தில் தேடுவார், அதிலும் பழைய புத்தகம் படித்தவர் என்றால் கன்னியாகுமரியைக் ‘கேப் காமரின்’ என்றுதான் போடுவார். ஆட்களின் பெயரும் அப்படியே. கலைவாணர், என்.எஸ்.கே., என்.எஸ். கிருஷ்ணன் மூன்றும் ஒருவர். கவிமணி என்று மட்டும் எழுதினால் தேசிக விநாயகம் பிள்ளை என்று தேடுகிறவருக்குக் கிடைக்காது. மார்ஷல் நேசமணி, ஏ. நேசமணி; ஜீவா, ப. ஜீவானந்தம். எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள், அசிங்கமாக இருக்குமே என்று பார்க்க வேண்டாம்.

நெய்யூர் ஆஸ்பத்திரிப் படம் ஒன்று இருந்தால் டாக்டர் சாமர்வெல் பெயரையும் சேருங்கள். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன அந்த சர்ஜன்தான் நெய்யூரில் பல வருடம் வைத்தியம் பார்த்தவர். மலையேற்ற வரலாற்றைத் தேடி வருகிற ஒருவர் நம் நெய்யூருக்கு வந்து சேர அந்த ஒரு பெயர் போதும்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த விவரங்கள் உங்கள் கையில் இருக்கலாம். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்ததை அப்படியே ஏற்றினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் போய் நிற்கும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினியும் படிக்கிற யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை படித்துப் பார்த்து ஏற்றுங்கள். தலைப்பைப் படத்தின் மேலேயே அழகாக எழுதி வைப்பதும் பயன்படாது, அதைத் தேட முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம், தனி இணைப்பு, அந்தப் பக்கத்தில் விவரம் எழுத்தாக இருக்க வேண்டும். படத்தில் என்ன தெரிகிறது என்று இரண்டு வரி எழுதினால், பார்வையில்லாதவர்களின் திரைவாசிப்பானும் அதைப் படித்துச் சொல்லும்.

முடிந்தால் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள், கேமரா எங்கே நின்றது, எந்தத் திசையைப் பார்த்தது என்பதோடு. நியூயார்க் பொது நூலகத்தின் தெருப்படங்களை ‘ஓல்ட் என்.ஒய்.சி.’ என்ற தளம் இப்படித்தான் வரைபடத்தில் ஏற்றியது. படங்களின் பின்பக்கம் தட்டச்சு செய்திருந்த குறிப்பையும் கணினியால் படித்தெடுத்து, பிழையைப் பார்ப்பவர்களே திருத்தித் தர வழியும் செய்தார்கள். பின்பக்கத்தை ஸ்கேன் செய்யச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். நகரின் வேப்பமூடு சந்திப்பில் நின்றுகொண்டு கைபேசியைத் திறந்தால் அந்த இடத்தின் பழைய படம் வர வேண்டும் என்பது என் ஆசை.

பழைய மிஷனரிப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கம் வேலை செய்ததால், அந்தச் சங்கத்தின் ஆவணங்கள் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. தென்கலிபோர்னியா பல்கலைக்கழகம் மிஷன் படங்களுக்கென்றே ஒரு இணையத் தொகுப்பு வைத்திருக்கிறது. நம் ஊரைத் தேட அவையும் நல்ல இடங்கள். ஆனால் அந்தக் காலத்துத் தலைப்புகளில் சாதியை வைத்து இழிவாக எழுதிய சொற்கள் வரும். பெயர் இல்லாமல் ‘இன்ன சாதிப் பெண்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். நாங்கள் அந்தத் தலைப்பை அழிப்பதில்லை, ‘மூலத் தலைப்பு’ என்ற பத்தியில் அப்படியே வைக்கிறோம். மேலே தெரியும் தலைப்பை மரியாதையோடு புதிதாக எழுதுகிறோம். அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா என்று தேடுகிறோம். இதை நான் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

யாருடைய படம்?

ஏற்றுவதற்கு முன் உரிமை. இந்தியச் சட்டப்படி, வெளியிட்ட புகைப்படத்துக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் காப்புரிமை. 1958-க்கு முன்பு எடுத்த படங்களுக்குப் பழைய சட்டப்படி எடுத்ததிலிருந்து 50 வருடம் என்று, யாரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் கணக்கு வைக்கிறது. அந்தப்படி பார்த்தால் திருவிதாங்கூர் காலத்துப் படங்கள் எல்லாம் பொதுவுக்கு வந்துவிட்டன. ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். இது பலருக்குத் தெரியாது. ஆக ஒரு கல்யாணப் படத்தை ஏற்ற ஸ்டூடியோக்காரர் சரி என்றால் போதாது, அந்தக் குடும்பத்தைக் கேட்க வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உரிமை முடிந்த படம் என்றாலும் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறோம். இறந்தவரின் உடலைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த படங்கள் பல ஆல்பங்களில் வரும். ஒரு ஆச்சி, “அது எங்க வீட்டோட இருக்கட்டும் மக்களே” என்றால் அது அவர் வீட்டோடுதான். சம்மதத்தை எழுதி வாங்குங்கள்: படத்தின் எண், எங்கே ஏற்றலாம், மற்றவர் பயன்படுத்தலாமா, பெயர் போடலாமா. ஒரு தாள், கீழே கையெழுத்து. மூலப் படத்தைக் கூடியவரை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

எங்கே ஏற்றுவது?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சொந்த இணையதளம் அல்லது ஆப். வேண்டாம் என்பேன். தொடங்கியவருக்கு வேலை மாறும், முகவரிக்குப் பணம் கட்ட மறப்பார், அத்தனையும் ஒரே நாளில் காணாமல் போகும். முகநூல் பக்கம் ஆட்களைப் பிடிக்க நல்லது, ஆனால் போன வருடம் போட்ட படத்தை அதில் நீங்களே தேடி எடுக்க முடியாது.

உரிமைத் தடையில்லாத படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம்தான் என் முதல் தேர்வு. காசு இல்லை, தமிழிலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தனித்தனியாகத் தலைப்பு கொடுக்கலாம், தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையில் படத்தைச் சேர்த்துவிட்டால் தேடுகிற கூட்டம் அங்கேயே வந்துவிடும். கோப்பின் பெயரை ஊர், பொருள், வருடம் என்று புரியும்படி வையுங்கள், ‘ஐ.எம்.ஜி. 0047’ அங்கேயும் போய் உட்கார வேண்டாம். பகுப்பு, அதாவது எந்த வகைப் படம் என்ற குறிப்பு, போடாமல் ஏற்றாதீர்கள். நூற்றாண்டு மலர் போன்ற முழுப் புத்தகங்களுக்கு, வெளியிட்டவர்களின் சம்மதத்தோடு, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகம் பொருத்தமான இடம். மலருக்குள் இருக்கும் முக்கியமான படங்களுக்கு மட்டும் பக்க எண்ணோடு ஒரு பட்டியல் எழுதி விவரத்தில் சேர்த்துவிடுங்கள்.

பெரிய ‘வாட்டர்மார்க்’ போட்டுப் படத்தைக் கெடுக்காதீர்கள். பதிவு செய்தால்தான் பார்க்கலாம் என்றும் வைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளை கைபேசியில் பார்க்கிறாள், டேட்டா குறைவு. பக்கத்தில் சின்ன அளவுப் படம் முதலில் திறக்கட்டும், பெரியது வேண்டுமென்றால் தொட்டு எடுத்துக்கொள்ளட்டும். மூலக் கோப்புகளுக்கு மூன்று நகல்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம்.

ஏற்றியாகிவிட்டது என்று விட்டுவிடாமல், திருத்தம் வருவதற்கும் வழி வைக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008-ல் பழைய படங்களை ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் போட்டபோது, பார்த்தவர்கள் சொன்ன தகவலைச் சரிபார்த்துத் தன் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. அவ்வளவு பெரிய நூலகமே கேட்டு வாங்கிக்கொள்கிறது என்றால் நாம் கேட்பதில் என்ன தயக்கம்? இணையத்துக்கு வராதவர்களுக்காக, மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளான நவம்பர் 1 ஒட்டி, இடம் தெரியாத படங்களை மட்டும் அச்சிட்டு நூலகச் சுவரில் ஒட்டுகிறோம். அந்த நாளில் இணைப்புப் போராட்டத்தைப் பற்றி எப்படியும் பேச்சு வரும், பெரியவர்களும் வருவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். எழுதியவரின் பெயர், ஊர், தேதியை அட்டவணையில் சேருங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். படத்தின் பக்கத்தைத் திருத்திய பிறகு, சொன்னவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பை அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆல்பம் பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது.